டிக்கெட் இல்லாத புதன்கிழமைகள்

நேற்று சென்ட்ரல் ஸ்டேஷனில் கதவு என்னை உள்ளே விடவில்லை. அட்டையை வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. புடவைத் தலைப்பில் துடைத்து வைத்தேன், மறுபடியும் சிவப்பு. பின்னால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற கூட்டம் விட்ட பெருமூச்சு என் கழுத்தில் பட்டது. பணியில் இருந்த பெண் ஓடி வந்து, "ஆன்டி, கார்டுல காசு முடிஞ்சிருச்சு. அந்தப் பக்கம் போயி டாப்-அப் பண்ணிட்டு வாங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. என்னிடம் பணம் இருக்கிறது, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சத்தமாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஓரமாக வந்து நின்ற பிறகுதான் சிரிப்பு வந்தது. நான் அப்படிப்பட்டவளேதான். இதே தண்டவாளத்தில் ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஒரு டிக்கெட்கூட எடுக்காமல் போய் வந்தவள். அப்போதெல்லாம் காது சூடானதே இல்லை.

டாப்-அப் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கையில் துணிக்கடைப் பை. ஸ்டேஷனை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் புதுப்புடவை வாங்கியிருக்கிறார். பையின் வாயிலிருந்து அந்தக் கஞ்சி வாசனை வந்தது. புடவை கட்டுகிறவர்களுக்கு அது விசேஷத்தின் வாசனை. எனக்கு அது வேலையின் வாசனை. இருபது வயதில் கிள்ளானில் ஒரு புடவைக் கடையில் மடிக்கிற வேலை எனக்கு. விற்கிற வேலை இல்லை, கவனியுங்கள். விற்பவர்கள் விரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், நானும் பிலோவும் மடித்துக்கொண்டே இருப்போம். நாற்பது புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு, "இல்ல, பரவால்ல" என்று எழுந்து போகும் குடும்பத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குத் தோள்பட்டை வலிக்கும்.

பிலோ என்றால் பிலோமினா. என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுடைய அப்பா ரயிலில் பாயிண்ட்ஸ்மேன், அதாவது தண்டவாளத்தைத் தடம் மாற்றி விடுகிறவர். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களுக்கான குவார்ட்டர்ஸில்தான் அவள் பிறந்தாள். அப்பா இருந்தவரை குடும்பத்துக்கே இலவச பாஸ். சின்ன வயதில் அவள் பட்டர்வொர்த் வரைக்கும் ஜன்னல் சீட்டில் போனவள். அப்பா இறந்த பிறகு வீட்டையும் விட்டாயிற்று, பாஸும் போயிற்று. அம்மா ஏற்கெனவே இல்லை. அண்ணன் சேவியர் அவளைக் கிள்ளானுக்கு ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

எங்கள் இரண்டு பேருக்கும் புதன்கிழமை விடுமுறை. சம்பளம் எங்கள் கைக்கு வராது. என்னுடையதை அம்மா வந்து வாங்கிக்கொண்டு போவார், பிலோவுடையதை சேவியர் அண்ணன். அதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை, எனக்கும்கூட. புதன்கிழமை என்றால் துணி துவைப்பது, மதியம் தூங்குவது. ஒரு புதன்கிழமை பிலோ எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "கெளம்புலா, ரயில்ல போவோம்" என்றாள்.

"எங்க?"

"எங்கயாச்சும்."

"காசு?"

"காசு இருந்தா எல்லாரும்தான் போவாங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த நாளில் எல்லாச் சின்ன ஸ்டேஷன்களிலும் இப்போது இருப்பதுபோல் சுற்றிவர அடைப்பு கிடையாது. புல்லுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை போகும், கல்மேல் கால் வைத்தால் மேடை. ஏறிவிடலாம். பெரிய ஸ்டேஷன்களில் நாங்கள் வெளியே போவதில்லை. பரிசோதகர் முன்பெட்டியில் ஏறினால் நாங்கள் அடுத்த ஸ்டேஷனில் பின்வழியாக இறங்கி, அடுத்த ரயிலுக்குக் காத்திருப்போம். அவசரமாகப் போக வேண்டியவர்களுக்குத்தான் டிக்கெட் தேவை, எங்களுக்கு எந்த அவசரமும் இல்லையே!

இது தப்பு என்று சொல்ல வருகிறீர்கள். தப்புதான். பிலோ இதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தாள். "எங்கப்பா முப்பது வருஷம் இந்த ரயிலத் தள்ளி விட்டாரு. நான் ஒரு ஓரமா நின்னுட்டு வந்தா ஒண்ணும் பாரமாயிடாது" என்பாள். எனக்கு அப்படி நியாயம் எதுவும் இல்லை. எங்கப்பா இருந்தவரை லோரி ஓட்டியவர். நான் சும்மா போனேன். பணம் இல்லாதவர்கள் ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் மட்டும்தான் ஊர்விட்டு ஊர் போக வேண்டும் என்று யார் வைத்தது என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கிள்ளான் பாதையில் இருக்கிற சின்ன ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் ஒருமுறையாவது இறங்கிவிட வேண்டும், வெளியே நடந்து யாராவது ஒருவரோடு பேசிவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பது பிலோ போட்ட சட்டம். வெட்கப்பட்டுக்கொண்டே நான் பேசப் பழகியது அப்படித்தான். பாடாங் ஜாவாவில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு மலாய் அம்மாவிடம் வழி கேட்டோம். எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்டபோது எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு வறுத்த பலாக்கொட்டை கொடுத்து உட்காரவைத்தார். அங்காசாபுரியில் பேச ஆளே கிடைக்காமல், கடைசியில் ஒரு பாதுகாவலரிடம் மணி கேட்டு சட்டத்தை நிறைவேற்றினோம். என் கையில் கடிகாரம் இருந்ததை அவர் பார்த்துக்கொண்டேதான் மணி சொன்னார்.

ஒரு புதன்கிழமை காஜாங் போனோம். அது நம் பாதையே இல்லை, சென்ட்ரலில் மேடை மாறி சிரம்பான் ரயிலில் போக வேண்டும். பிலோவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சேவியர் அண்ணன் பார்த்த இடம். "கல்யாணம் ஆயிட்டா புதன்கிழமை இருக்காது. அதுக்குள்ள தூரமா ஒரு எடம் போயிட்டு வந்துருவோம்" என்றாள். காஜாங்கில், இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுடுகிற சாத்தே கடை வாசலில் புகைக்குள் நின்றோம். கரியில் சொட்டுகிற கொழுப்பு, செரை என்கிற எலுமிச்சைப்புல், மஞ்சள், கொஞ்சம் இனிப்பு. வாசனைக்கு யாரும் டிக்கெட் கேட்கவில்லை. கையில் இருந்த சில்லறைக்குக் கட்டியாக அமுக்கித் துண்டு போட்ட அமுக்குச் சோறு மட்டும் வாங்கினோம். தொட்டுக்கொள்ள கச்சான் குழம்பு, அதாவது நிலக்கடலைக் குழம்பு, கேட்டால் சும்மாவே ஊற்றுவார்கள். கடைக்காரர் எங்களை ஒருமுறை பார்த்தார், கிண்ணம் நிறைய ஊற்றினார். இரண்டாம் முறையும் ஊற்றினார். அதற்குப் பிறகு எத்தனையோ சாத்தே சாப்பிட்டுவிட்டேன், அந்தக் குழம்பு மட்டும்தான் நாக்கில் நிற்கிறது.

திரும்பும்போது மாட்டிக்கொண்டோம்.

சுபாங் ஜெயா தாண்டியதும் பெட்டியின் இரண்டு கதவிலிருந்தும் பரிசோதகர்கள் வந்தார்கள். வயிறு நிறைந்திருந்ததால் நாங்கள் அன்று அசந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். பத்து தீகா ஸ்டேஷனில் எங்களை இறக்கி, மேடையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இருவரில் மூத்தவர் தமிழர். நெற்றியில் சின்னதாக விபூதி.

"நல்ல குடும்பத்துப் புள்ளைங்க மாதிரி இருக்கீங்க. எங்க போயிட்டு வர்றீங்க?"

"காஜாங்" என்றாள் பிலோ.

"காஜாங்ல என்னா வேல?"

"வேல ஒண்ணும் இல்ல அங்கிள். பாக்கப் போனோம்."

"யாரப் பாக்க?"

"ஊரப் பாக்க."

அவர் நம்பவில்லை. இரண்டு பெண்கள் புதன்கிழமை ஊர் பார்க்கப் போனதை நம்புவதைவிட வேறு எதையும் நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அபராதம் கட்டச் சொன்னார். எங்களிடம் இல்லை. "அப்ப அப்பா நம்பரச் சொல்லு" என்றார் பிலோவிடம்.

"அப்பா இல்ல."

"அண்ணன்?"

பிலோ எழுந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அங்கிள், டிக்கெட் எடுக்காதது எங்கண்ணன் இல்ல, நான். எனக்கு இருவத்தொரு வயசு. ஐசி கார்டு இந்தா இருக்கு, பேரு வயசு பாத்துக்குங்க. எம்பேர்ல எழுதுங்க, நான் கட்டுறேன். அவர எதுக்குக் கூப்பிடணும்?"

"பொம்பளப் புள்ள, வாய் ரொம்ப நீளுது. போலீஸ்ல விட்டா தெரியும்."

போலீஸ் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. சேவியர் அண்ணனின் கைத்தொலைபேசி எண்ணை ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டேன். அவசரத்துக்கு உதவும் என்று அந்த எண்ணை எனக்கு மனப்பாடம் பண்ணி வைத்ததே பிலோதான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோழைத்தனத்துக்கு ஒரு ருசி உண்டென்றால் அது அன்று என் வாயில் இருந்த கச்சான் குழம்பின் மிச்சம்தான்.

ஒரு மணி நேரத்தில் சேவியர் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் கிடங்கு வேலை அவருக்கு, சீருடையோடு வந்திருந்தார். அபராதத்தைக் கட்டினார், ரசீதை மடித்து வைத்தார், அதிகாரியிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். பிறகு, மேடையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ஊர் மேயுற நாயி" என்று கை ஓங்கினார்.

"தொட்டுப் பாரு" என்றாள் பிலோ.

அவர் கை அப்படியே நின்றது. "ஏறு வண்டியில" என்றார்.

"ஏற மாட்டேன்."

"பின்ன எப்புடி வீட்டுக்கு வருவ?"

"நடந்து."

அவள் ஸ்டேஷன் படியில் இறங்கினாள். நான் ஒரு நிமிடம் அங்கேயே நின்றேன். சேவியர் அண்ணன், "நீயாச்சும் ஏறு, ஒங்க வீட்டுல எறக்கி விடுறேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர், அந்தக் குரலில் களைப்பும் இருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு பிலோவின் பின்னால் ஓடினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

பத்து தீகாவிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் போனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். நடந்தால் தெரியும். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று ஒரு பாதை உண்டு, அதன் ஓரப்புல்லில் நடந்தோம். ஷா ஆலமில் வெயில் உச்சந்தலையில் இறங்கியது. கொஞ்ச தூரம் சேவியர் அண்ணன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். பிறகு ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டார். பிலோ எனக்கு ஓரடி முன்னாலேயே நடந்தாள். நான் மன்னிப்புக் கேட்க ஐந்தாறு முறை வாயைத் திறந்தேன், ஒவ்வொரு முறையும் ஒரு லோரி அலறிக்கொண்டு போனது.

அப்புறம் மழை. நம் ஊர் சாயங்கால மழை உங்களுக்குத் தெரியும், தூறி ஆரம்பிக்கிற பழக்கமே அதற்கு இல்லை. ஓடிப்போய் ஒரு பாலத்துக்கு அடியில் ஒதுங்கினோம். அங்கே முப்பது நாற்பது மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்கியிருந்தார்கள். நனைந்த தார், சைலன்சர் சூடு, மழைக்கோட்டு ரப்பர் எல்லாம் கலந்த வாசனை. ஒரு மலாய் அம்மா வண்டிக் கூடையிலிருந்து கெரோபோக் என்கிற மீன் அப்பளப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கும் நீட்டினார். வண்டி எங்கே என்று கேட்டார். நடந்து வருகிறோம் என்றாள் பிலோ. எங்கிருந்து என்றார். பத்து தீகா என்றோம். அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, பாலத்தடி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. யாரோ கை தட்டினார். பிலோ முதல்முறையாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பின் தைரியத்தில், "நம்பரச் சொல்லியிருக்கக் கூடாதுடி" என்றேன்.

"இனிமே என் வீட்டு நம்பர் எதையும் மனப்பாடம் பண்ணாத" என்றாள். கெரோபோக்கை உடைத்துப் பாதியை என்னிடம் கொடுத்தாள்.

வீடு சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். சேவியர் அண்ணன் எனக்கு முன்பே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா துண்டை எடுத்துக் கொடுத்தார். அடி விழும் என்று காத்திருந்தேன். எஸ்டேட்டில் பிறந்து, பதினேழு வயதில் கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தவர் என் அம்மா. வந்த இடத்திலேயே நின்றவர். தலையைத் துவட்டிக்கொண்டிருந்த என்னிடம், "காஜாங் வரைக்குமா போன?" என்றார்.

"ஆமாம்மா."

அறுந்த செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "எப்புடி இருந்துச்சு?" என்றார்.

நான் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

பிலோவின் வீட்டில் அப்படி இல்லை. செய்தி ரவாங்குக்கு எட்டிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, பெண் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் போதும், மறந்துவிடலாம் என்றார்கள். பெருந்தன்மைதான். நானும் அங்கே இருந்தேன், காப்பி கொடுக்க. பிலோ நடுவில் வந்து நின்றாள்.

"டிக்கெட் எடுக்காதது தப்பு. அதுக்கு அபராதம் கட்டியாச்சு. எங்கண்ணனுக்கு அந்தக் காச நான் குடுத்துருவேன். ஊரு சுத்துனதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னா கேக்க மாட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் கீழே வைத்துவிட்டார். அதோடு அந்தக் கல்யாணம் நின்றது. சேவியர் அண்ணன் இரண்டு மாதம் தங்கையோடு பேசவில்லை. கடையில், கோயிலில், எங்கள் முதுகுக்குப் பின்னால், எல்லா இடத்திலும் பேசினார்கள். எங்கள் காதுபடவே "ரயில் பொண்ணுங்க" என்றார்கள். பிலோ விரித்துப்போட்ட புடவையை மடித்துக்கொண்டே, "பேரு நல்லாத்தான இருக்கு" என்பாள்.

மாதக் கடைசியில் அவள் முதலாளியிடம் போய், இனிமேல் சம்பளத்தைத் தன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றாள். முதலாளி, அண்ணன் என்ன சொல்வார் என்று இழுத்தார். "மடிக்கிறது நான்தான பாஸ்?" என்றாள். கொடுத்துவிட்டார். நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "எனக்கும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் முதலாளிக்குக் கேட்டிருக்கிறது.

அடுத்த புதன்கிழமை நாங்கள் டிக்கெட் எடுத்தோம். பயந்துபோய் எடுத்ததாக நினைத்துவிடாதீர்கள், கையில் காசு வந்துவிட்டது, எடுத்தோம். மூன்று டிக்கெட். அம்மாவும் வந்தார். வீட்டு வாசலைப் பூட்டிவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, ரயிலில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, இடமிருந்தும் உட்காராமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிப் படகுத்துறைப் பக்கம் நடந்தோம். சேறும் டீசலும் கருவாடும் கலந்த காற்று. கப்பல்கள். அம்மா கடலுக்கு அரை மணி நேரத் தூரத்தில் இருபத்தைந்து வருடம் குடியிருந்தவர். அதுவரை கடலைப் பார்த்ததில்லை. "இம்புட்டுக் கிட்டவா இருந்துச்சு?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் பிலோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அம்மாவை ஒருநாளும் இங்கே கூட்டிவராத யாரையும், என்னையும் சேர்த்து, அன்று நான் மன்னிக்கிற மனநிலையில் இல்லை.

பிலோ பிறகு பினாங்குக்குப் போய்விட்டாள். ஒரு மருத்துவமனையில் பதிவு முகப்பில் வேலை. கல்யாணம் முப்பத்தைந்து வயதில், அவளாகப் பார்த்துச் செய்துகொண்டது. சேவியர் அண்ணன்தான் முன்னால் நின்று நடத்தினார். அன்று பத்து தீகாவைப் பற்றி யாருமே பேசவில்லை, அவர் மட்டும் என்னிடம் வந்து, "இன்னைக்கு ரயில்ல வந்தியா, பஸ்லயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இப்போது அவர் இல்லை. அம்மாவும் இல்லை. பிலோ பிறந்த குவார்ட்டர்ஸ் இருந்த பக்கம் போனால் கண்ணாடிக் கட்டடங்களில் என் முகம்தான் தெரிகிறது. புடவைக் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள்.

போன வருடம் பள்ளி விடுமுறையில் பிலோ வந்திருந்தாள். "பத்து தீகாலேருந்து இன்னொரு தடவ நடப்போமா?" என்றாள். எனக்கு முட்டிவலி, அவளுக்குச் சர்க்கரை. நடந்தோம். ஓரப்புல் இருந்த இடம் முழுக்கச் சாலையாகிவிட்டிருந்தது. சாலைக்கு மேல் சாலை, அதற்கு மேல் ரயில். ஓர் இடத்தில் கான்கிரீட் சுவர் வந்து வழி முடிந்துவிட்டது. அதை ஒட்டிச் சாக்கடை விளிம்பில் நாங்கள் போவதைப் பார்த்து, மஞ்சள் மேல்சட்டை போட்ட சாலைப் பணியாளர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். நம் ஆள்தான்.

"அக்கா, இங்கலாம் நடக்க முடியாது. பாதையே இல்ல."

"இருந்துச்சு அண்ணே" என்றாள் பிலோ, மூச்சு வாங்க. "நாங்க நடந்திருக்கோம்."

அவர் சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வண்டியில் ஏறச் சொன்னார், மேலே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். நல்ல மனிதர். பிலோ வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுச் சாக்கடை விளிம்பிலேயே அடியெடுத்து வைத்தாள். நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டேன். பத்துப் பதினைந்து அடி போயிருப்போம். அங்கே விளிம்பும் இல்லை. பிலோ சுவரில் கையை வைத்து, "இதுக்கு அடியிலதான் இருந்துச்சு" என்றாள்.